எரிநட்சத்திரப் பாத்தி

யூஜீன், ஆரிகன்
ஜூன் 4, 1991

அன்புள்ள லேலண்ட்,

முழுசாக வந்து சேர்ந்தேன். இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்தே வந்ததில் கால் மட்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. கிறிஸ்டி நலம். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் தொட்டிலுக்கு மூன்று தடவை பெயிண்ட் அடித்துவிட்டாள். உன் மகள்தான், சந்தேகமே இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாத்திரையை விடாமல் போடு. பிப்ரவரியில் லாரிக்குள் வலிப்பு வந்து விழுந்தாயே, அந்த மாதிரி இன்னொரு போன் எனக்கு வரக்கூடாது.

டெலிபோனில் பேசலாமே என்பாய். பேசினால் நீ "ம்" என்கிறாய், நான் "அப்புறம்" என்கிறேன், அதோடு முடிந்துவிடுகிறது. எழுது. முப்பத்துநாலு வருஷம் லாரியிலிருந்து இரண்டு வரித் தபால் அட்டை போட்டவன் நீ. இப்போது உனக்கு மேஜையும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது.

ஒரு வேலை சொல்கிறேன். கராஜுக்கு வடக்கே, துணிக்கொடிக்கு அந்தப் பக்கம் கல் அடுக்கிய பாத்தி ஒன்று இருக்கிறதே, அதில் இருப்பது எரிநட்சத்திரப் பூச்செடி. விதைத்து நாலு வருஷம் ஆகிறது. இதுவரை ஒரு பூ பூக்கவில்லை. அடுத்த வசந்தத்தில் பூக்கும் என்று நினைக்கிறேன். இலையெல்லாம் கீரை மாதிரித் தரையோடு ஒட்டிக் கிடக்கும். தண்ணீர் ஊற்றாதே, உரம் போடாதே, களை என்று எதையும் பிடுங்காதே. பாத்தியில் எதுவுமே செய்யாதே. அதுதான் வேலை.

அந்த விதையெல்லாம் பழைய ரயில் பாதை ஓரத்துப் புல்வெளியில் நான் பொறுக்கியவை. அந்த இடத்தை உழுது மக்காச்சோளம் போட்டுவிட்டார்கள். இனி வேறெங்கும் அந்த விதை கிடைக்காது. இதெல்லாம் உனக்குத் தெரியுமே என்று எழுதப் போனேன். தெரியாது. நீ அப்போது நெப்ராஸ்காவில் இருந்தாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். கிறிஸ்டி முத்தம் அனுப்புகிறாள்.

வெர்லீன்


நார்வே ரிட்ஜ், ஐயோவா
ஜூன் 19, 1991

அன்புள்ள வெர்லீன்,

நலம். மாத்திரை போடுகிறேன். உன் கால் வீக்கம் வடிந்ததா? கிறிஸ்டிக்கு இன்னும் வலி எடுக்கவில்லையா?

எழுது என்றாய். எழுதுகிறேன். காலை நாலரைக்கு எழுந்துவிடுகிறேன். ஐந்தரைக்குள் காபி முடிந்துவிடுகிறது. பிறகு படுக்கப் போகும்வரை பதினைந்து மணி நேரம் கிடக்கிறது. எல்லாக் கதவுகளுக்கும் எண்ணெய் போட்டேன். இப்போது ஒரு கதவும் சத்தம் போடுவதில்லை, அதனால் வீடு இன்னும் அமைதியாகிவிட்டது. உன் சமையலறை அலமாரியைக் காலி செய்து டப்பாக்களை எழுத்து வரிசைப்படி அடுக்கினேன். நீ எப்படித்தான் அதில் எதையும் கண்டுபிடித்தாயோ.

பக்கத்துப் பண்ணை டுவேன் நேற்று டிராக்டரை நிறுத்திவிட்டு வேலிமேல் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்னப்பா லேலண்ட், வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்து நடந்து புல்லையே தேய்ச்சுட்டியே. மாடு கட்டின எடம் மாதிரி கெடக்கு."

"வேற என்ன பண்ணச் சொல்றே?"

"ஒக்காரு. மனுஷங்கன்னா கொஞ்ச நேரம் ஒக்காருவாங்க."

"முப்பத்திநாலு வருஷம் ஒக்காந்துதாண்டா இருந்தேன். அப்போ கீழ ரோடு ஓடிச்சு."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாத்தியைத் தினமும் பார்க்கிறேன். இலை ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் தட்டுகிறது. இங்கே வெயில் கடுமை. குழந்தை பிறந்தால் உடனே போன் செய்.

லேலண்ட்


நார்வே ரிட்ஜ்
ஜூலை 20, 1991

அன்புள்ள வெர்லீன்,

நான் சுகம். பேத்தி போனில் அழுத அழுகையைக் கேட்டேன். இந்த நுரையீரலை வைத்துக்கொண்டு அவள் பன்றி ஏலம் விடலாம். அன்னிக்கா என்ற பெயர் நன்றாக இருக்கிறது. கிறிஸ்டி எழுந்து நடமாடுகிறாளா? உனக்குத் தூக்கம் கிடைக்கிறதா?

இங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கராஜில் கிடந்த மண் கிளறும் மிஷினைப் பிரித்துச் சுத்தம் செய்து ஓடவைத்தேன். ஒரே இழுப்பில் பிடித்துக்கொள்கிறது. பாத்தியைப் பற்றிக் கவலைப்படாதே. அந்த மூலைக்குக் கொஞ்சம் நிறம் வேண்டும் என்று பக்கத்தில் செண்டுமல்லி நாற்று வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை ஆலங்கட்டி மழை பெய்தது. டுவேனின் சோளத்துக்கு நல்ல அடி. நம் கூரைக்கு ஒன்றும் இல்லை. சர்ச்சில் பழைய அடுப்பை மாற்றுகிறார்களாம். வேறு விசேஷம் இல்லை.

லேலண்ட்


யூஜீன்
ஜூலை 30, 1991

அன்புள்ள லேலண்ட்,

இங்கே மூன்று பெண்களும் நலம். அதில் இரண்டு பேர் தூங்குவதில்லை. நீ தலைசுற்றல் ஏதும் இல்லாமல் இருக்கிறாயா? அதை எழுத மாட்டேன் என்கிறாய்.

உனக்குச் செண்டுமல்லி பிடிக்கும் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாமல் போயிற்று. அந்த வாசனை என்றாலே ஓடுவாயே.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இந்நேரம் பாத்தியில் இலை எல்லாம் கருகி மறைந்திருக்கும். வெறும் மண் கிடக்கும். பயப்படாதே, சாகவில்லை. இந்தப் பூவின் குணம் அது. மற்றச் செடிகள் எல்லாம் தழைக்கிற காலத்தில் இது மண்ணுக்குள் போய்த் தூங்கிவிடும். ஏப்ரலில்தான் எழுந்து வரும். முதல் வருஷம் எனக்கே தெரியாது. எல்லாம் செத்துப்போயிற்று என்று துணிக்கொடிக்குக் கீழே உட்கார்ந்து அழுதேன். நீ டெக்சாஸில் இருந்தாய். திரும்பி வந்தபோது சொல்லத் தோன்றவில்லை.

நேற்றுக் கிறிஸ்டி, "எப்பம்மா கெளம்புறே?" என்றாள். "ஏன்டி, தொரத்துறியா?" என்றேன். சிரித்துவிட்டாள். நானும் சிரித்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தோடு குழந்தையின் போட்டோ வைத்திருக்கிறேன். மூக்கு உன்னுடையது, பாவம்.

வெர்லீன்


யூஜீன்
செப்டம்பர் 12, 1991

லேலண்ட்,

சுகமா? ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் அடித்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. பயந்துபோய் டுவேன் மனைவி மர்னாவைக் கூப்பிட்டேன்.

"அவருக்கு என்ன, நல்லாத்தான் இருக்காரு. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கராஜுக்குப் பின்னாடி மண்டி போட்டுட்டு இருக்காரு. கர்த்தர் வீட்டுல வந்து மண்டி போடுன்னா வரமாட்டேங்கிறாரு, அங்க போட்டுட்டிருக்காரு" என்று சிரித்தாள்.

அங்கே என்ன செய்கிறாய்?

வெர்லீன்


நார்வே ரிட்ஜ்
அக்டோபர் 6, 1991

அன்புள்ள வெர்லீன்,

உடம்பு நலம். முழங்கால் இரண்டும் தோல் உரிந்து இப்போதுதான் ஆறுகிறது. இந்தக் கடிதத்தை ஆகஸ்டில் நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

உன் பாத்தியை உழுதுவிட்டேன்.

ஜூன் கடைசியில் இலை மஞ்சளாயிற்று. தண்ணீர் ஊற்றாதே என்றிருந்தாய். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் ஊற்றினேன். பிறகு காலையும் மாலையும் ஊற்றினேன். ஜூலை பத்தாம் தேதி ஒரு இலைகூட இல்லை. என் கையால் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்த வெறும் மண்ணை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு என்னால் காபி குடிக்க முடியவில்லை. மிஷினை விட்டுக் கிளறிச் செண்டுமல்லி நட்டேன். பக்கத்தில் அல்ல, பாத்தியிலேயே. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று எழுதியது பொய்.

"தூங்குகிறது" என்ற உன் கடிதம் ஆகஸ்ட் மூன்றாம் தேதி வந்தது. தபால் பெட்டியின் அருகிலேயே நின்று படித்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த வாரம் செண்டுமல்லியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மண்ணைக் கையால் தோண்டினேன். மாவு சலிக்கிற உன் சல்லடையை எடுத்துச் சலித்தேன். உள்ளே வெள்ளை வெள்ளையாக வேர்த்துண்டுகள், அவித்த நூடுல்ஸ் மாதிரி. எதை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆற்றோரப் பூங்காவில் வேலை செய்யும் ஜாய்ஸ் ரண்டல் என்ற பெண்ணுக்கு இந்தச் செடியெல்லாம் தெரியும் என்று டுவேன் சொல்லி அவளை அழைத்து வந்தான். சேற்று பூட்ஸோடு வந்தாள். பாத்தியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"யாரு பண்ணினது இது?"

"நான்தான்."

"மிஷின் விட்டா?"

"ஆமா. மூணு தடவை."

"மூணு எதுக்கு?"

"ரெண்டு தடவை ஓட்டினப்புறமும் பெட்ரோல் மிச்சம் இருந்துச்சு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நீ பார்ப்பாயே, அதே பார்வை. பிறகு ஒரு துண்டை எடுத்து நகத்தால் காட்டினாள். "இதோ, நுனியில மொட்டு மாதிரி ஒரு கண்ணு தெரியுதா? இது இருந்தா பொழைச்சுக்கும். இல்லாததையும் நட்டு வைங்க, சிலது தானே கண்ணு வெச்சுக்கும். பூக்குமான்னு மட்டும் கேக்காதீங்க, நான் சொல்லமாட்டேன்."

எண்பத்துநாலு துண்டு கிடைத்தது. முப்பத்தொன்றில் கண் இருந்தது. எல்லாவற்றையும் நட்டு ஓக் இலையைப் பரப்பி மூடியிருக்கிறேன். இனிமேல் தொடக்கூடாது என்று ஜாய்ஸ் சொல்லியிருக்கிறாள். இதற்கு என்ன வேண்டுமானாலும் எழுது.

லேலண்ட்


யூஜீன்
நவம்பர் 2, 1991

அன்புள்ள லேலண்ட்,

நலமாக இருக்கிறேன். உன் முழங்காலுக்கு வாசலின் போடு, மேல்மாடி அலமாரியில் இருக்கும். நீ இடம் மாற்றாமல் இருந்தால்.

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். செடிக்காகத்தான், உனக்காக அல்ல. பிறகு நன்றாகத் திட்டி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. பொய் சொன்னதாக நீ ஒப்புக்கொண்டாய். நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

கிறிஸ்டி ஆகஸ்ட் கடைசியிலேயே வேலைக்குத் திரும்பிவிட்டாள். பகலில் குழந்தையை ஒரு பெண் பார்த்துக்கொள்கிறாள். நான் அந்த வீட்டில் இல்லை. செப்டம்பர் முதல் தேதியிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு அறையில் இருக்கிறேன். காட்டுப்பூ வளர்க்கும் நர்சரி ஒன்றில் வேலை, வாரத்தில் ஐந்து நாள். இங்கே விதையை ஈரமணலில் கலந்து ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள். விதை அதையே குளிர்காலம் என்று நம்பிவிடுகிறது. நான் அங்கே பனியில் போட்டுவிட்டு மாதக்கணக்காகக் காத்திருந்தேன்.

என் அறைக்கு ஒரே ஜன்னல். காலையில் எழுந்தால் கரண்டி நான் வைத்த இடத்தில் இருக்கிறது.

எப்போது வருவாய் என்று நீ ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. நீ கேட்காதவரை எனக்கு வசதியாக இருந்தது, அது மட்டும் தெரியும்.

வெர்லீன்


நார்வே ரிட்ஜ்
நவம்பர் 9, 1991

வெர்லீன்,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருக்கிறாய் என்று தெரிகிறது. இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. உன் குளிர்காலக் கோட்டைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

லேலண்ட்


யூஜீன்
ஜனவரி 28, 1992

அன்புள்ள லேலண்ட்,

இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன், உடம்பு எப்படி இருக்கிறது?

கிறிஸ்துமஸுக்குப் பேத்திக்கு அனுப்பிய மரக்குதிரை வந்தது. அதோடு எனக்கு ஒரு வரியும் இல்லை. அது சரிதான் என்று இருந்துவிட்டேன். போன வாரம் மர்னா போனில் வேறு ஏதோ பேசும்போது, "டிசம்பர்ல விழுந்தாரே, அதுக்கப்புறம் டாக்டர் மருந்தைக் கூட்டியிருக்காராம்" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் முழுசும் வந்தது. தபால் பெட்டிக்குப் பக்கத்தில் பனியில் விழுந்து கிடந்தாயாம். டுவேன் பார்க்காமல் இருந்திருந்தால் விறைத்துப் போயிருப்பாயாம். நீ எனக்குச் சொல்லவில்லை.

அன்றைக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தேன். துணியெல்லாம் எடுத்து அடுக்கினேன். ரயில் நேரம்கூடக் கேட்டு எழுதிக்கொண்டேன். பிறகு பெட்டிமேல் உட்கார்ந்தேன். கிறிஸ்டி வந்து பார்த்தாள்.

"போம்மா. அப்பா தனியா இருக்காரு."

"போகணும்டி."

"அப்புறம் ஏன் ஒக்காந்திருக்கே?"

"எழுந்திரிக்க வரமாட்டேங்குது."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் துணியை அவளே எடுத்து மறுபடி வெளியே வைத்தாள். என்னை நினைத்து எனக்கே பயமாக இருந்தது. கட்டிய புருஷன் பனியில் விழுந்து கிடந்தான் என்று கேட்டுவிட்டு, அடுக்கிய பெட்டிமேல் உட்கார்ந்துவிடுகிறவள் என்ன பெண் என்று.

லேலண்ட், நீ வெள்ளிக்கிழமை வருவாய், ஞாயிற்றுக்கிழமை போவாய். அவ்வளவு காலமும் நான் உனக்காகக் காத்திருந்தேன் என்று ஊர் சொல்லிற்று, நானும் சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. ஞாயிற்றுக்கிழமை நீ போகும்போது உன் லாரி திருப்பத்தில் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டதும் வீடு என் அளவுக்கு வந்துவிடும். நான் ரேடியோ போடுவேன். நின்றுகொண்டே சாப்பிடுவேன். ரயில் பாதை ஓரமாக இருட்டும்வரை நடப்பேன். பிப்ரவரியில் நீ ஒரேயடியாக வந்தாய். மார்ச் மாதத்தில் ஒரு நாள், நீ கதவைத் திறக்கிற சத்தம் கேட்டு நிலவறையில் போய் நின்றுகொண்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

உன்னை வெறுத்ததில்லை. அதையும் எழுதிவிட வேண்டும்.

வெர்லீன்


நார்வே ரிட்ஜ்
மார்ச் 1, 1992

அன்புள்ள வெர்லீன்,

உடம்பு பரவாயில்லை. மருந்தைக் கூட்டியதில் காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கிறது. லைசென்ஸ் இனிமேல் வராது. காருக்கும் வராது. விழுந்ததைச் சொல்லாததற்குக் காரணம், சொன்னால் நீ வந்துவிடுவாய் என்பதுதான். அப்படி வருவதை நான் விரும்பவில்லை.

உன் கடிதத்தை முதல் நாள் படித்தபோது அடுப்பில் போடப் போனேன். இரண்டாம் நாள் உன்னோடு மனசுக்குள் சண்டை போட்டேன். வீட்டுக்காகத்தானே ஓடினேன் என்றேன். எல்லாம் சொன்னேன். ஆள் இல்லாத சமையலறையில் நன்றாகவே ஜெயித்தேன்.

பிறகு பாத்தியைப் பார்க்கப் போனேன். பனிக்குக் கீழே ஓக் இலை. பார்க்க ஒன்றும் இல்லை. அங்கே நிற்கும்போது ஒன்று உறைத்தது. நாலு வருஷம் பூவுக்காகக் காத்திருந்தவள், அடுத்த வருஷம் பூக்கும் என்று தெரிந்தும் அதை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மிஷினையும் என்னையும் ஒரே கராஜில் விட்டுவிட்டு. பேத்தி பிறக்கிறாள் என்பதற்காக மட்டும் யாரும் அப்படிப் போகமாட்டார்கள். ஜூன் மாதமே எனக்கு இது விளங்கியிருக்க வேண்டும். எப்போது வருவாய் என்று கேட்காததும் அதனால்தான் போலிருக்கிறது. பதில் எனக்குத் தெரிந்திருந்தது.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். ஊருக்குள் ஃபேயின் காபிக் கடைக்கு மேலே ஒரு அறை காலியாக இருக்கிறது. போய்ப் பார்த்தேன். ஃபே கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள்.

"நீங்க விழுந்தா எனக்குக் கேக்கும். மேல பூனை குதிச்சாலே கேக்குது."

"கேட்டா என்ன பண்ணுவே?"

"மொதல்ல அடுப்பை அணைப்பேன். அப்புறம் வருவேன்."

எனக்குப் பிடித்துவிட்டது. ஜன்னல் நெடுஞ்சாலையைப் பார்த்திருக்கிறது.

அந்த வீடு உன்னுடையது, வெர்லீன். நான் வார இறுதிக்கு வந்து தங்கியவன். வீட்டைவிட்டுப் போய்ப் பழகியவனும் நான்தான். நீ போயிருக்க வேண்டியதே இல்லை. திரும்பி வா என்று இதைச் சொல்லவில்லை. வீடு காலியாக இருக்கும், சாவி மர்னாவிடம் இருக்கும், அவ்வளவுதான்.

பேத்திக்குப் பல் வந்துவிட்டதா?

லேலண்ட்


ஃபேயின் கடை மாடி, நார்வே ரிட்ஜ்
ஏப்ரல் 22, 1992

அன்புள்ள வெர்லீன்,

சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். பதில் வரவில்லை. நான் மார்ச் இருபத்தெட்டாம் தேதியே இங்கே வந்துவிட்டேன். பதில் வரும்வரை பொறுத்திருக்கலாம்தான்.

மூன்று சட்டை, ரேடியோ, உன் அம்மா எனக்குக் கொடுத்த கம்பளி, இவ்வளவுதான் எடுத்து வந்தேன். கிளம்புமுன் சமையலறை அலமாரியை நீ வைத்திருந்தபடி திரும்ப வைத்துவிடலாம் என்று பார்த்தேன். அரைநாள் முயற்சி செய்தேன். எது எங்கே இருந்தது என்று எனக்கு ஞாபகமே வரவில்லை. பார்த்திருந்தால்தானே. எல்லா டப்பாவையும் எடுத்து மேஜைமேல் பரப்பிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாளுக்கு ஒரு தடவை மூன்று மைல் நடந்து போய்ப் பாத்தியைப் பார்க்கிறேன். ஜாய்ஸ் சொன்னபடி ஓக் இலையை ஏப்ரல் முதல் வாரம் ஒதுக்கினேன். பத்தாம் தேதிவரை ஒன்றும் இல்லை. பதினாலாம் தேதி மண்ணில் சிவப்பாக ஒரு மூக்கு தெரிந்தது. இன்றைக்கு எண்ணினேன், பதினேழு. எண்பத்துநாலு நட்டதில் பதினேழு. பூத்தண்டு எதிலும் தெரியவில்லை. வரும்போல இருக்கிறது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. தெரியவில்லை.

பதினெட்டாம் தேதி கடும் உறைபனி வரும் என்று ரேடியோவில் சொன்னார்கள். போர்வையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பாதி வழி வந்துவிட்டேன். ஜாய்ஸின் வண்டி எதிரே வந்து நின்றது.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"மூடி வெக்கலாம்னு."

"அதுக்குப் பனி ஒண்ணும் புதுசில்ல. நீங்கதான் புதுசு. திரும்புங்க."

திரும்பிவிட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தேன். முளைத்ததெல்லாம் அப்படியே இருந்தது.

நீ வந்தாலும் வராவிட்டாலும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

லேலண்ட்


நார்வே ரிட்ஜ்
மே 20, 1992

அன்புள்ள லேலண்ட்,

மூன்று மைலுக்குத் தபால்தலை ஒட்டுகிறேன் என்று தபால்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

நலமா? மாடிப்படியில் கைப்பிடி இருக்கிறதா? ஃபேயிடம் கேட்டேன், இருக்கிறது என்றாள். நான் ஞாயிறு மாலை வந்தேன். மர்னாவிடம் சாவி வாங்கிக்கொண்டு, உனக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவள் இதற்குள் சொல்லியிருப்பாள். நீ மூன்று நாளாகப் பாத்திப் பக்கம் வராததிலிருந்தே தெரிகிறது. அதற்கு நன்றி.

கதவைத் திறந்ததும் மேஜை நிறைய டப்பாக்கள். தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் முழுதும் அடுக்கினேன். பழையபடி எனக்கும் ஞாபகம் இல்லை. பட்டை டப்பாவைப் புது இடத்தில் வைத்திருக்கிறேன்.

பாத்தியில் பதினேழு இல்லை, பத்தொன்பது. கல்லுக்குப் பின்னால் இரண்டை நீ விட்டுவிட்டாய். ஒன்றே ஒன்றில் தண்டு எழும்பி, நேற்றுக் காலை பூத்தது. ஒரு தண்டில் மூன்று பூ. இதழெல்லாம் பின்னால் பறக்க, மூக்கைத் தரைக்குக் காட்டிக்கொண்டு, வானத்திலிருந்து விழுந்துகொண்டே இருக்கிற மாதிரி. வெளிர் ஊதா. ரயில் பாதை ஓரத்தில் இருந்ததெல்லாம் வெள்ளை என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். மண்டி போட்டுப் பார்த்தேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். கோபம்தான் முதலில் வந்தது. எண்பத்துநாலில் மீதி அறுபத்தைந்து எங்கே என்று உன்னைச் சத்தமாகவே கேட்டேன். துணிக்கொடியில் உட்கார்ந்திருந்த குருவி பறந்துவிட்டது. பிறகுதான் சிரிப்பு வந்தது.

உன்னிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எத்தனை நாள் இருப்பேன் என்று தெரியாது. நர்சரி வேலையை விடவில்லை, ஜூன் முடியும்வரை லீவு சொல்லியிருக்கிறேன். யூஜீன் அறைக்கும் சாவி கையில் இருக்கிறது. இங்கே முதல் நாள் வீடு என் அளவுக்கு வந்தது. இரண்டாம் நாள் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. இது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. உருளைக்கிழங்கும் பன்றித்தொடைக் கறியும் சுடுகிறேன், புளிப்பு ருபார்ப் தண்டு முற்றுவதற்குள் அதை மாவுக்குள் வைத்து ஒரு இனிப்பும் சுட்டுவிடலாம். பதினொரு மணிக்கு வா, அதற்கு முன்னால் வேண்டாம். பூவைக் காட்டுகிறேன். அறுபத்தைந்தைப் பற்றியும் பேசுவேன், தயாராக வா.

நாலு மணிக்கு நீ கிளம்பிவிட வேண்டும். மழை பெய்தால் மட்டும் யோசிக்கலாம்.

வெர்லீன்